மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு: நோயாளியின் தகவல் கைமாறும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலியர் நான். அதற்கு முன் வார்டில் வேலை செய்தேன். டிஸ்சார்ஜ் தாளை அவசரமாக நிரப்பி அனுப்பிய அனுபவமும் உண்டு, அதே மாதிரி ஒரு தாளை வாங்கிக்கொண்டு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று விழித்த அனுபவமும் உண்டு. வார்டு சிஸ்டர்களும், வீட்டுக்குப் போகும் செவிலியர்களும், குடும்பத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு தருகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்துத்தானே அனுப்புகிறார்கள்? அதற்கு மேல் என்ன வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது. என்ன நோய், என்ன சிகிச்சை நடந்தது, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்று ராத்திரி இந்த நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. வீட்டுக்குப் போகும் செவிலியர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு மாலை நேரம். இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா. ரத்தம் உறையாமல் இருக்க, தினமும் ஒரு வேளை வயிற்றில் போடும் எனாக்ஸாபரின் ஊசி எழுதியிருந்தார்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் எல்லாமே தாளில் தெளிவாக இருந்தன. ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டார்: "சிஸ்டர், இன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே போட்டாச்சா, இல்ல நாமதான் போடணுமா?" அது மட்டும் தாளில் இல்லை. அந்த அம்மாவுக்கும் நினைவில்லை. வயிற்றைப் பார்த்தேன். தொப்புளின் இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்த ஊசித் தடங்கள் நான்கைந்து இருந்தன. எது இன்றையது, எது நேற்றையது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வார்டுக்குப் போன் செய்தேன். டியூட்டி மாறியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு சிஸ்டர் மருந்து சார்ட்டைத் தேடி எடுத்து, "காலையில பத்து மணிக்குப் போட்டிருக்கு" என்றார்.

கேட்காமல் போட்டிருந்தால் ஒரே நாளில் இரண்டு ஊசி, ரத்தக்கசிவு ஆபத்து. போட்டிருப்பார்கள் என்று நானாக நினைத்து விட்டிருந்து, உண்மையில் போடாமல் இருந்திருந்தால் காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து. கடைசியாக மருந்து கொடுத்த நேரம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நாற்பது நிமிடமே தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் முதல் நாளே வீட்டு செவிலியருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

மேலே சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு மருந்தும் கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது, அடுத்த வேளை எப்போது. இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள், வலிப்பு மருந்துகள், கடுமையான வலிக்கான மருந்துகள், ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றுக்கு இது இல்லாமல் நோயாளியை வாகனத்தில் ஏற்றவே கூடாது என்பது என் எண்ணம். ஆன்டிபயாட்டிக் என்றால் எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதும் வேண்டும்.

அடுத்தது உடம்பில் இருக்கும் குழாய்கள். யூரின் ட்யூப் இருந்தால் எந்த அளவு, எந்தத் தேதியில் போட்டது, ஏன் போட்டது, எப்போது எடுக்க அல்லது மாற்ற வேண்டும். 'ஏன்' என்பதைப் பலர் எழுதுவதில்லை. காரணம் தெரியாவிட்டால் அதை எடுத்துவிடலாமா என்று கேட்கவே யாருக்கும் தோன்றாது. தேவை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் ட்யூப் அப்படியே இருந்து கிருமித்தொற்றில் போய் முடியும். மூக்கு வழியாக உணவு செலுத்தும் ட்யூப் என்றால், மூக்கு ஓரத்தில் எத்தனையாவது சென்டிமீட்டர் குறி நிற்கிறது என்பது வேண்டும். கையில் பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்தின் அருகே வரை போகும் மெல்லிய குழாய்) இருந்தால், தோலுக்கு வெளியே எவ்வளவு நீளம் தெரிகிறது என்பது வேண்டும். இந்த எண்கள் கையில் இருந்தால்தான், மறுநாள் ட்யூப் நகர்ந்திருக்கிறதா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும். "ட்யூப் சரியாக உள்ளது" என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

புண்ணுக்கும் இதே கதைதான். "படுக்கைப்புண் உள்ளது, தினமும் டிரெஸ்ஸிங்" என்று எழுதியனுப்புவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நீளம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில் வேண்டும். எந்த நிலை, நீர் கசிகிறதா, வாடை உண்டா, அடியில் என்ன நிறம், எந்த டிரெஸ்ஸிங் போட்டீர்கள், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதும் வேண்டும். இவை இல்லாமல் ஒரு வாரம் கழித்து ஆறுகிறதா, மோசமாகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக்சிஜன் வைத்திருந்தால் எத்தனை லிட்டர் என்பதோடு, ரத்தத்தில் ஆக்சிஜனை எத்தனை சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு. அது தெரியாத ஒருவர், 90-ஐப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைக் கூட்டிவிட்டால் அதுவே அவருக்குத் தீங்கு.

அப்புறம் ஒவ்வாமை. மருந்தின் பெயரோடு என்ன ஆயிற்று என்பதும் வேண்டும். பென்சிலினால் வயிற்றைப் புரட்டியது வேறு, மூச்சடைத்தது வேறு. டிஸ்சார்ஜ் அன்றைய உடல் எடை, பிரஷர், சர்க்கரை. எழுந்து நடக்க எத்தனை பேர் உதவி தேவை. விழுங்குவதில் சிக்கல் உண்டா. இரவில் குழப்பம் வருகிறதா. கடைசியாக, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது: ஒரு பெயர், ஒரு எண், அந்த எண்ணை எந்த நேரம்வரை எடுப்பார்கள் என்பது.

இவ்வளவையும் எழுத வார்டில் நேரம் எங்கே இருக்கிறது?

வார்டில் இருந்தவள் என்பதால் இந்தக் கேள்வியில் இருக்கும் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் விவரங்களை ஒரே ஒழுங்கில் ஒப்படைக்கும் 'ஐ-பாஸ்' என்ற முறையை வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவு இளநிலை டாக்டர்களிடம் கொண்டுவந்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு நோயாளிக்கு ஆன நேரம் முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம். அது டாக்டர்களுக்குள் நடந்த ஒப்படைப்பு, வீட்டுக்கு அனுப்புவது வேறுதான். ஆனாலும் ஒழுங்காகச் சொன்னால் நேரம் இழுத்துவிடும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில். டிஸ்சார்ஜ் நேரத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதினால்தான் நேரமாகும். நிரப்ப வேண்டிய கட்டங்கள் முன்பே தயாராக இருந்தால் ஆகாது. இங்கே வார்டில் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடம், அங்கே வீட்டில் நாற்பது நிமிடமாகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் அனுமதி இல்லாமல் இதையெல்லாம் வீட்டு செவிலியருக்குக் கொடுக்கலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பல நாடுகளின் சட்டங்களில் அடிப்படை ஒன்றுதான்: சிகிச்சை தருகிறவர்கள், சிகிச்சைக்காகத் தங்களுக்குள் தகவல் பகிரலாம். அமெரிக்காவில் 1996-ல் வந்த, நோயாளித் தகவலின் தனியுரிமையைக் காக்கும் விதிக்கு அடிப்படையான ஹிப்பா சட்டத்தைக் காட்டித்தான் அதிகம் பேர் மறுக்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனை வீட்டுச் சிகிச்சை நிறுவனத்துக்குத் தகவல் தர, நோயாளியின் தனிப்பட்ட கையெழுத்தை அந்தச் சட்டத்தின் தனியுரிமை விதி கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைக்கிறது. அதே சட்டம், தொழில்முறை ரகசியக் கடமை உள்ளவர்கள் சிகிச்சைக்காக அதைப் பயன்படுத்தவும் வழிவிடுகிறது. ஒப்புதலை மையமாக வைத்து எழுதப்பட்டது இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அப்படிப்பட்ட இடங்களில் மருத்துவமனையில் சேரும்போதே, "வீட்டுக்குப் போன பின் பார்க்கப்போகும் செவிலியருக்கும் தகவல் தரச் சம்மதமா" என்று கேட்டுப் பதிந்துவிடுவது நல்லது. டிஸ்சார்ஜ் அன்று வண்டி வந்து நிற்கும்போது கேட்பது சரியான நேரமில்லை.

சில பதிவுகளுக்குக் கூடுதல் காவல் உண்டு. மனநல ஆலோசனையின்போது எழுதப்பட்ட தனிக் குறிப்புகள், போதைப் பழக்கச் சிகிச்சை, எச்.ஐ.வி. போன்றவற்றுக்குப் பல நாடுகளில் தனி விதி இருக்கிறது. இவற்றை மட்டும் உங்கள் இடத்து விதியைப் பார்த்துச் செய்யுங்கள்.

சட்டம் எப்படி இருந்தாலும் நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. "உங்களைப் பார்க்க வரும் சிஸ்டருக்கு இந்த விவரமெல்லாம் அனுப்புகிறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்று நிம்மதிப்படுகிறவர்கள்தான் அதிகம்.

"தேவையான அளவு மட்டுமே தருவோம்" என்று பாதித் தகவலோடு நிறுத்திவிடுகிறார்களே?

இந்தக் கேள்வி எனக்கு மனவருத்தம் தருவது. தேவையான அளவு என்ற கொள்கை நல்லதுதான். காப்பீட்டு நிறுவனத்துக்கோ கணக்குப் பிரிவுக்கோ தரும்போது அதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். ஆனால் ஹிப்பாவின் கீழேயே, சிகிச்சைக்காகச் சிகிச்சை தருகிறவருக்குக் கொடுக்கும் தகவலுக்கு அந்த வரம்பு பொருந்தாது. பிரிட்டனில் நோயாளித் தகவலின் ரகசியத்தைக் காக்க 1997-ல் கால்டிகாட் கோட்பாடுகள் என ஆறு வகுத்தார்கள். 2013-ல் மறுஆய்வு செய்தபோது ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ரகசியத்தைக் காக்கும் கடமை எவ்வளவு முக்கியமோ, தகவலைப் பகிரும் கடமையும் அவ்வளவு முக்கியமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். பயத்தில் தகவலைப் பிடித்துவைப்பதும் நோயாளிக்குக் கேடு என்று கண்ட பிறகுதான் அதைச் சேர்த்தார்கள். மறுப்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன், சண்டையில்லாமல்.

தகவல் எப்போது வந்து சேர வேண்டும்?

நோயாளி வீட்டு வாசலை மிதிக்கும் முன். மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டின் விதி, பரிந்துரை வந்து அல்லது நோயாளி வீடு திரும்பி 48 மணி நேரத்துக்குள் முதல் வருகை நடக்க வேண்டும் என்கிறது, டாக்டர் வேறு தேதி குறித்திருந்தால் தவிர. செவிலியருக்கு முன்னால் தாள் போய்ச் சேர வேண்டாமா? நடப்பில் அப்படி இல்லை. 2007-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், டிஸ்சார்ஜுக்குப் பின் நோயாளி தன் வழக்கமான டாக்டரை முதல்முறை பார்க்கும்போது சம்மரி அவர் கைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீதம்தான். டாக்டருக்கே இந்த நிலை என்றால் வீட்டு செவிலியரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முழுச் சம்மரி தயாராக நாளாகும் என்றால் ஆகட்டும். முதல் 24 மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி முதலில் அனுப்பிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வராத பரிசோதனை முடிவுகளை யார் பார்ப்பது?

யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பல இடங்களில் நிலைமை. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 2,644 நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு, வீட்டுக்குப் போன பின்தான் ஏதாவது ஒரு முடிவு வந்தது. அப்படி வந்த முடிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, சிகிச்சையை மாற்ற வேண்டியிருக்கலாம் என்ற வகை. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இரண்டு நாள் கழித்து வருகிறது, அதற்குள் நோயாளி வேறு ஆன்டிபயாட்டிக்கோடு வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கல்ச்சர் முடிவு வரவில்லை, இந்தத் தேதியில் வரும், இன்னார் பார்த்துச் சொல்வார்" என்று எழுதியிருந்தால் நாங்களே அந்தத் தேதியில் கூப்பிட்டுக் கேட்போம்.

மருத்துவமனைப் பட்டியலில் ஒரு மருந்து, வீட்டில் இன்னொன்று. எதை நம்புவது?

எதையும் அப்படியே நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துத் தீங்கைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது முதன்மைப்படுத்திய மூன்று விஷயங்களில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் தருணம். காரணம் வீட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

முதல் வருகையில் நான் ஒன்று செய்வேன். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மேசையில் கொட்டச் சொல்வேன். இழுப்பறையில், கைப்பையில், தலையணைக்குப் பக்கத்தில், குளிர்பதனப் பெட்டியில் இருப்பது வரை. டிஸ்சார்ஜ் பட்டியலை ஒரு பக்கம் வைத்து ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிச் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிப்பேன். ஒரு பெரியவர் வீட்டில் அப்படிப் படித்தபோது, முன்பிருந்தே சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையும் மருத்துவமனை புதிதாக எழுதிய மாத்திரையும் இரண்டுமே அம்லோடிபின். கம்பெனிப் பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. மூன்று நாளாக இரண்டையும் சாப்பிட்டிருந்தார். கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொன்னது அதனால்தான்.

இதில் மருத்துவமனை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் மருந்துகளை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: புதிது, தொடர்வது, அளவு மாறியது, நிறுத்தியது. நிறுத்தியதை எழுதாமல் விடுவதுதான் பெரிய ஓட்டை. பட்டியலில் இல்லாத மாத்திரையை "எழுத மறந்திருப்பார்கள்" என்று நினைத்து வீட்டில் தொடர்ந்து கொடுப்பார்கள். நிறுத்திய காரணத்தையும் நாலு வார்த்தையில் எழுதினால் இன்னும் நல்லது.

எழுதும் விதத்தில் கவனிக்க வேண்டியது?

எண்கள். 1.0 மி.கி. என்று எழுதினால் புள்ளி மங்கும்போது 10 ஆகிவிடும், ஆகவே 1 மி.கி. போதும். அரை மி.கி. என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யத்தோடு எழுத வேண்டும். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'யு' என்ற ஒற்றை எழுத்தை எண்ணின் பின்னால் போட்டால் அதுவே பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் 2004-ல் வெளியிட்ட 'எழுதக்கூடாத சுருக்கங்கள்' பட்டியலில் இவை எல்லாம் உண்டு. "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதினால் எதற்குத் தேவைப்பட்டால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதையும் சேருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்புகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், நானும் அனுப்பியிருக்கிறேன். செய்தி போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி அது பூட்டப்பட்டிருப்பது உண்மை. ஆனால் சிக்கல் வழியில் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது. புண்ணின் படம் செவிலியரின் சொந்த போனில், குடும்பப் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். குழந்தை விளையாட போனை எடுக்கும். போன் தொலையும். வேலையை விட்டுப் போனாலும் படம் அவரோடு போகும். நோயாளியின் கோப்பில் அது சேராததால், நாளைக்கு வருகிற இன்னொரு செவிலியருக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இந்தக் கடைசி விஷயம்தான்.

நிறுவனம் ஒரு பாதுகாப்பான செயலி கொடுத்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் அனுப்பினால், முகமும் பெயரும் தெரியாமல், குழுவுக்கு அனுப்பாமல் ஒருவருக்கு மட்டும், எண்ணை இரண்டு முறை சரிபார்த்து அனுப்புங்கள். பிறகு அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு இரண்டு போனிலும் அழியுங்கள். புண்ணின் பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். அளவு தெரியாத படத்தால் ஆவது கொஞ்சம்தான்.

போனில் சொன்னால் போதாதா?

போதாது, ஆனால் போனும் வேண்டும். தாள் சொல்லாததைக் குரல் சொல்லும். "சார்ட்டில் எல்லாம் சரி, ஆனா நேத்துலேருந்து ஆள் ஒரு மாதிரி சோர்ந்திருக்கார்" என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

பேசும்போது பெயரோடு பிறந்த தேதி அல்லது மருத்துவமனை எண், இப்படி இரண்டு அடையாளங்களைச் சரிபாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் யார் என்று சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். மருந்து, அளவு எதுவானாலும் கேட்டதைத் திரும்பப் படித்துக் காட்டி "சரிதானே" என்று உறுதி செய்யுங்கள். நேரம், பேசியவர் பெயர் இரண்டையும் எழுதிவையுங்கள்.

எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, ஏன் தானாகப் போய்ச் சேருவதில்லை?

மருத்துவமனை மென்பொருளும் வீட்டுச் சிகிச்சை மென்பொருளும் வேறு வேறு ஆட்கள் செய்தவை. ஒன்றில் 'டிரெஸ்ஸிங் தேதி' என்று தனிக் கட்டம் இருக்கும், இன்னொன்றில் அதே விஷயம் நீளக் குறிப்பின் நடுவில் ஒரு வரியாக இருக்கும். இரண்டும் ஒரே மொழி பேச, மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரநிலை வகுக்கும் எச்.எல்.7 அமைப்பு 'ஃபயர்' என்ற தரநிலையை உருவாக்கி வளர்த்துவருகிறது. அதன் நான்காம் பதிப்பு இன்று பரவலாகப் பயன்படுகிறது. தகவலைக் காரணமின்றித் தடுப்பதை அமெரிக்காவில் 2016-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தவறு என்கிறது, அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இதெல்லாம் நல்ல மாற்றம். ஆனால் எண்பது பக்கம் தானாக வந்து விழுந்தால் அதில் இன்சுலின் நேரத்தை யார் தேடுவது? முன்பக்கம் ஒன்றை மனிதர் எழுதும் தேவை அப்போதும் இருக்கும்.

வீட்டு செவிலியர் மருத்துவமனைக்குத் திரும்பச் சொல்ல வேண்டியது உண்டா?

உண்டு. இந்தப் பாதிதான் இன்னும் பலவீனமாக இருக்கிறது. நோயாளி வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதை வாரக்கணக்கில் கண்ணால் பார்ப்பது நாங்கள். அடுத்த முறை அவர் வெளிநோயாளியாகப் போய் டாக்டர் முன் உட்காரும்போது நாங்கள் பார்த்தது எதுவும் அங்கே இருக்காது.

அவசரமாகச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்பதிலும் பழக்கம் வேண்டும். இதய பலவீனம் உள்ள ஒருவரைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

"டாக்டர், ஐயாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குதுன்னு சொல்றார், என்ன பண்றதுன்னு தெரியல."

"டாக்டர், போன வாரம் இதய பலவீனத்துக்குச் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆன நோயாளி. அன்றைக்கு எடை 62 கிலோ, இன்று காலை 64.5. மூன்று நாளில் ஏறியிருக்கிறது. இரண்டு கணுக்காலும் வீக்கம், ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுத்தார். பிரஷர் 130/80, ஆக்சிஜன் 94. நீர் பிரியும் மாத்திரை ஃப்யூரோசமைடு தவறாமல் சாப்பிடுகிறார். உடம்பில் நீர் சேர்கிறது என்று நினைக்கிறேன். அளவைக் கூட்ட வேண்டுமா, இன்றே நேரில் பார்க்கிறீர்களா?"

இரண்டாவதற்கு ஒரு முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய இந்த வரிசை, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. கடைசி இரண்டைச் செவிலியர்கள் சொல்லத் தயங்குகிறோம். டாக்டரிடம் நாம் என்ன கணிப்பது என்ற கூச்சம். தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். அந்த 62 கிலோ என்ற எண் டிஸ்சார்ஜ் தாளில் இல்லாமல் போயிருந்தால், இந்தப் போன் பேச்சுக்கே பிடிமானம் இருந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

டாக்டர் போனை எடுக்கவில்லை என்றால்?

இதற்கான பதில் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். முதலில் யார், அவர் கிடைக்காவிட்டால் யார், எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்த அறிகுறி வந்தால் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். யாருக்கு என்ன சொல்லலாம்?

வார்டில் திரை இருக்கிறது, கதவு இருக்கிறது. வீட்டில் நாம் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். நோயாளி நினைவோடு இருந்தால் முதல் நாளே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "உங்க உடம்பு விஷயத்தை யார்கிட்டச் சொல்லலாம், யார்கிட்ட வேண்டாம்?" பதிலை எழுதிவைத்து, அடுத்து வரும் செவிலியருக்கும் தெரியப்படுத்துங்கள். மகனிடம் சொல்லலாம், மருமகளிடம் வேண்டாம் என்பார் ஒருவர். தனக்கு என்ன நோய் என்பதையே பிள்ளைகளிடம் இன்னும் சொல்லாதவர் இன்னொருவர். மருத்துவமனைக்கு இது முன்பே தெரியும் என்றால், அதையும் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

மருந்து கொடுப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, எது ஆபத்து அறிகுறி என்பதெல்லாம் பராமரிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நோயின் பெயரைச் சொல்லாமலும் இதில் பெரும்பகுதியைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

வீட்டில் ஒரு நோட்டு வைத்து எழுதலாமா?

கட்டாயம். எல்லாத் தொழில்நுட்பத்தையும் விட என் அனுபவத்தில் அதிகம் உதவியது அதுதான். தேதி, நேரம், கொடுத்த மருந்து, எடை, பிரஷர், சர்க்கரை, புண்ணின் அளவு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அது நோயாளியோடு போகட்டும். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி கூடத்தில் வைக்க வேண்டாம். நோயாளியின் அறையில், எங்கே என்று செவிலியர்களுக்கும் பராமரிப்பவருக்கும் தெரிந்த ஓரிடத்தில் இருக்கட்டும்.

உயிர்காக்கும் கடைசி முயற்சிகள் வேண்டாம் என்று நோயாளி முடிவு செய்திருந்தால்?

அது எங்களுக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும், வாய்வார்த்தையாக இல்லாமல் டாக்டர் கையெழுத்திட்ட நகலாக. தெரியாவிட்டால், மூச்சு நின்ற நிமிடத்தில் நாங்கள் நெஞ்சை அழுத்தத்தான் செய்வோம். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவைத்த ஒருவருக்கு அப்படி நடப்பது, அவருக்கும் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கும் செய்யும் பெரிய தீங்கு. பல இடங்களில் அந்தத் தாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

வேறொரு நோயாளியின் தாள் தவறி எனக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

மேற்கொண்டு படிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் உடனே சொல்லுங்கள். அழிப்பதா திருப்பி அனுப்புவதா என்று அவர்கள் சொல்வார்கள், ஏனென்றால் பல நாடுகளில் இதைப் பதிவு செய்து அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. இன்னொரு விஷயம்: அவருடைய தாள் உங்களிடம் வந்திருக்கிறது என்றால், உங்கள் நோயாளியின் தாள் எங்கே போயிற்று என்று கேளுங்கள். அந்த இன்னொரு நோயாளியை இன்று பார்க்கப் போகும் செவிலியரிடம் தவறான மருந்துப் பட்டியல் இருக்கக்கூடும். அதனால் இதை மாலைவரை தள்ளிப்போடாமல் அப்போதே போன் செய்யுங்கள்.